பச்சைக்குழந்தை ரெட்டைகளுக்கு ஹாலோவீன் வேஷம்: போடுவதா, அந்த நேரத்தில் தூங்குவதா?

தூங்காநகரம்
2024 அக்டோபர் 14, அதிகாலை 3:40

மணியைப் பார்த்தாலே எந்த நிலையில் எழுதுகிறேன் என்று புரியும். மதுரைக்காரி, இப்போது இருப்பது நியூ ஜெர்சியில். ஊர்ப் பாசத்தில் வைத்துக்கொண்ட பெயர், ஜூன் மாதத்திலிருந்து ஜாதகம் மாதிரி பலிக்கிறது.

இரண்டும் பெண். ஜூன் முதல் வாரம், 34 வாரத்திலேயே வந்துவிட்டார்கள். பிறந்த கணக்கில் நாலு மாதம் முடிந்துவிட்டது. ஆறு வாரத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். அப்படிப் பார்த்தால் மூன்று மாதம். மூத்தவள் 6.3 கிலோ, இளையவள் 5.1.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ராத்திரி, பால் பம்ப் ஓடிக்கொண்டிருக்க, ஒரு கையால் போனைத் தள்ளிக்கொண்டே இரண்டு பூசணிக்காய் உடுப்பு வாங்கிவிட்டேன். ஹாலோவீன் என்றால் இங்கே அக்டோபர் 31, பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகிற நாள். முதல் ஹாலோவீன் ஒருமுறைதானே வரும் என்று அந்த நேரத்துக்குத் தோன்றியது. நேற்று பெட்டி வந்தது. இரண்டுமே 3–6 மாத அளவு. மூத்தவளுக்குக் கால் நடுவில் டிச் பட்டன் எட்டவில்லை. இளையவள் உள்ளே எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியிருக்கிறது, தொப்பி இறங்கி மூக்கு வரை மூடுகிறது. உள்ளே பஞ்சு வேறு. இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அப்புறம் நானும் அழுதேன். ஒரு பூசணிக்காய்க்காக யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

இந்த வருடம் தீபாவளியும் 31, ஹாலோவீனும் 31. அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், நவம்பர் கடைசியில் திரும்ப வேண்டும். "பிள்ளைகளுக்கு முதல் தீபாவளி அதுவுமா, அமாவாசை பிறக்கிற நேரத்துல பேய் வேஷமா?" என்கிறார். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்கிறார். அதுவும் ஒரு பதிலா? தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "ரெட்டைகளுக்கு என்ன வேஷம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உடுப்பைத் திருப்பி அனுப்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கைக்குழந்தைகளை, அதுவும் இரண்டை, வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள். வேண்டாம் என்று விட்டவர்களும் சொல்லுங்கள்.

ரெட்டைமாட்டுவண்டி
அக்டோபர் 14, காலை 7:15

வணக்கமுங்க. சிகாகோ பக்கம் இருக்கோம், சொந்த ஊர் கோபி. ரெண்டும் பையன்கள், ஒரே அச்சு. இப்போ மூணு வயசாச்சு.

முதல் ஹாலோவீனுக்கு அவங்களுக்கு அஞ்சு மாதம். கடை உடுப்பு எதுவும் வாங்கலை. ஒருத்தனுக்கு வெள்ளை ஒன்சி (உடம்பு முழுக்க ஒரே துண்டா வர்ற குழந்தை உடுப்பு), இன்னொருத்தனுக்குக் கறுப்பு ஒன்சி. நெஞ்சில் துணியில் வெட்டின எழுத்து, 'உ' ஒண்ணு, 'மி' ஒண்ணு. உப்பும் மிளகும். என் மனைவிக்கு ஒரே பெருமை. படம் எடுக்க சோபாவில் சாய்ச்சு வெச்சு, நான் போனை எடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். உப்பு முதுகு வரைக்கும் போயிட்டான். வெள்ளை ஒன்சி கழுத்து வரை மஞ்சள். உப்பு மஞ்சத்தூள் ஆன கதை இன்னிக்கும் எங்க வீட்டில் ஓடுது.

அதனால் என் அனுபவம் ஒண்ணே ஒண்ணு. எந்த வேஷமா இருந்தாலும் மாத்து உடுப்பு அதே நிறத்தில் இன்னொண்ணு கையில் இருக்கணும். அது முடியாதுன்னா அந்த வேஷமே வேண்டாம்.

வெறும்பார்வையாளன்
அக்டோபர் 14, காலை 10:02

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். எதற்கு இதெல்லாம்? குழந்தைக்குத் தெரியப் போவதில்லை, மிட்டாய் தின்னப் பல் இல்லை, நமக்கும் அந்தப் பண்டிகைக்கும் சம்பந்தம் இல்லை. தூங்காத தாய், தூங்காத குழந்தை. நடுவில் ஒரு பஞ்சுப் பூசணிக்காய். யாருக்காக? போனில் படம் பார்க்கிறவர்களுக்காக. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் கண்ணயருங்கள்.

காரைக்குடி_ஆச்சி
அக்டோபர் 14, மதியம் 1:30

தம்பி சொல்வதில் பாதி சரி. தூங்கச் சொன்னது சரி. மற்றது சரியில்லை.

குழந்தைக்குத் தெரியாதுதான். நம் வீடுகளில் ஆண் பிள்ளைக்குப் பூ ஜடை வைத்து, பட்டுப் பாவாடை கட்டி, ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்தோமே, அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரிந்ததா? என் மகனுக்கு அப்படி ஒரு படம் இருக்கிறது. இப்போது ஐம்பது வயது, அதைப் பார்த்தால் இன்னும் வெட்கப்படுவான். கோகுலாஷ்டமிக்கு ஆறு மாதப் பிள்ளை தலையில் மயிற்பீலி கட்டிக் கையில் குழல் கொடுக்கிறோம். அது வாயில்தான் போகும். வேஷம் கட்டி அழகு பார்ப்பது எங்கிருந்தோ வந்த பழக்கம் இல்லை தம்பி.

பூசணிக்காய்க்கு முகம் வரைவதும் நமக்குப் புதிதா? மீசையும் பல்லுமாக வரைந்து வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிறோம். நம்மது சாம்பல் பூசணி, இவர்களுடையது பரங்கி, அவ்வளவுதான். அயர்லாந்துப் பக்கம் முதலில் டர்னிப் கிழங்கில்தான் முகம் வெட்டினார்களாம். அமெரிக்கா வந்த பிறகுதான் பரங்கிக்காய் கிடைத்தது என்று என் பேத்தி பள்ளியில் படித்துவிட்டு வந்து சொன்னாள்.

தூங்காநகரத்துப் பெண்ணே, உன் அம்மாவிடம் சொல், பேய் வேஷம் வேண்டாம், வேறு ஏதாவது போடலாம். அது கிடக்கட்டும், ஒன்று கேட்கிறேன். ஒட்டுப்பழம் சாப்பிட்டாயா ஆத்தா?

தூங்காநகரம்
அக்டோபர் 14, இரவு 11:50

ஆச்சி!! இதைக் கேட்காதவர்கள் யாரும் பாக்கி இல்லை. இரட்டை என்று ஸ்கேனில் தெரிந்த நாளிலிருந்து மாமியார், பெரியம்மா, பக்கத்து வீட்டு அத்தை என்று எல்லாரும் கேட்டுவிட்டார்கள், "ஒட்டி இருக்கிற வாழைப்பழம் தின்னியா?" இங்கே கடையில் கிடைக்கும் சீப்பில் ஒட்டுப்பழத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

வெறும்பார்வையாளன், நீங்கள் கேட்டது எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் யோசிக்கிறேன். ஆனால் கண்ணயருங்கள் என்பது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கினால்தானே நடக்கும். ஒருத்தியைப் படுக்க வைத்தால் அடுத்தவள் எழுகிறாள், ஷிப்ட் மாறுகிற மாதிரி.

இரவுப்பணி
அக்டோபர் 15, காலை 8:20

ஹூஸ்டனில் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் பதினோரு வருடமாக ராத்திரி நர்ஸ். இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன், நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, அந்தப் பூசணிக்காய் இரண்டையும் இன்றைக்கே திருப்பி அனுப்பிவிடு. அளவுக்காக மட்டும் சொல்லவில்லை. பஞ்சு வைத்த உடுப்போடு பிள்ளையைக் கார் சீட்டில் உட்கார வைத்து வாரைப் போட்டால் இறுக்கமாகத்தான் தெரியும். மோதல் என்று வந்தால் பஞ்சு அமுங்கிவிடும், வார் தளர்ந்து நிற்கும், பிள்ளை நழுவிவிடும். குளிர்கால ஜாக்கெட்டுக்கும் இதே கதைதான். பிள்ளையின் கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார். மடிப்பு பிடிக்க வருகிறதா, தளர்வு என்று அர்த்தம். மெல்லிய பருத்தி உடுப்பில் வாரைப் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த பிறகு வேஷத்தை மாட்டினால் தொல்லையே இல்லை.

அடுத்தது தூக்கம். வேஷத்தோடு தூங்கிப்போனால் "ஐயோ பாவம், எழுப்ப வேண்டாம்" என்று அப்படியே கிரிப்பில், அதாவது குழந்தைக் கட்டிலில், போடுவதைப் பார்த்திருக்கிறேன். எழுந்தாலும் பரவாயில்லை, கழற்றிவிடு. முக்கியமாகத் தொப்பி. கைக்குழந்தைக்கு உடம்புச் சூடு தலை வழியாகத்தான் நிறைய வெளியேறும், வீட்டுக்குள் தொப்பியோடு தூங்கக் கூடாது. மல்லாக்க, வெறும் கிரிப்பில், பக்கத்தில் வேறு எதுவும் இல்லாமல். இதில் பண்டிகை விடுமுறை கிடையாது.

வேஷத்தில் தைத்திருக்கும் பட்டன், பொம்மைக் கண், மணி எல்லாவற்றையும் இழுத்துப் பார். டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்குமே, அந்த அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கும். கழுத்தைச் சுற்றிக் கயிறு, ரிப்பன் கூடவே கூடாது.

இன்னொன்று, நம் வீடுகளுக்கென்றே சொல்வது. பூனை மீசை வரைகிறேன், மூக்கில் கறுப்பு வைக்கிறேன் என்று ஊரிலிருந்து வந்த கண்மையைக் கையில் எடுக்காதீர்கள். கோல், காஜல், சுர்மா வகைகளில் ஈயம் இருப்பது பலமுறை பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவில் எஃப்டிஏ, அதாவது உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இந்தக் கோல் மையை அழகுசாதன நிறமாகவே அனுமதிப்பதில்லை. பிள்ளை கன்னத்தைத் தடவிய கையை நேராக வாயில்தான் வைக்கும்.

கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஆர்எஸ்வி என்கிற சுவாச வைரஸ் பரவும் காலம், குறைமாதப் பிள்ளைகளுக்கு அது லேசான சளி இல்லை. 2023 முதல் இதற்கு நிர்செவிமாப் என்று ஓர் ஊசி இருக்கிறது. எட்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு முதல் பருவத்தில் போடுவார்கள். போட்டாயிற்றா என்று உன் டாக்டரிடம் கேள். தெருவில் ஆளுக்கு ஆள் கைமாற்றித் தூக்க விடாதே. ரெட்டை என்றால் எல்லாருக்கும் ஆளுக்கொன்று தூக்கத் தோன்றும்.

கடைசியாக, பூசணிக்காய்க்காக அழுதேன் என்று எழுதியிருந்தாயே, அதை நான் சிரித்துக்கொண்டே கடந்து போகவில்லை. ஒருநாள் அழுகை அசதி. தினமும் அழுகை, பிள்ளைகள் தூங்கினாலும் தூக்கம் வரவில்லை, பயமான எண்ணங்கள் என்று இருந்தால் அது வேறு. 1-833-852-6262. இந்த நாட்டுத் தாய்மார்களுக்கான மனநல உதவி எண், இலவசம், ராத்திரி மூன்று மணிக்கும் ஆள் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். குறித்து வைத்துக்கொள்.

தூங்காநகரம்
அக்டோபர் 15, பிற்பகல் 2:10

அக்கா, குறித்துக்கொண்டேன். தினமும் இல்லை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணி ஆனாலே வயிறு கலங்குகிறது. ஐந்திலிருந்து எட்டு வரை இரண்டு பேரும் ஒரே அழுகை. விளக்கு வைக்கிற நேரத்தில் இப்படி அழுகிறதே என்று அம்மா திருஷ்டி சுற்றிப் போடுகிறார். ஹாலோவீனுக்குப் பிள்ளைகள் கதவைத் தட்ட வருவதும் அதே ஐந்திலிருந்து எட்டுதான்!

பூசணிக்காய்களை மடித்துப் பெட்டியில் போட்டாயிற்று.

இரவுப்பணி
அக்டோபர் 15, மாலை 6:45

அந்தச் சாயங்கால அழுகை பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தணியும். குறைமாதப் பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து போடாதே, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து போடு. உன் கணக்குக்கு அக்டோபர் கடைசியில் கொஞ்சம் மூச்சு விடலாம். அம்மா சுற்றிப் போடட்டும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. மிளகாயைப் புகைக்கும்போது மட்டும் பிள்ளைகள் வேறு அறையில் இருக்கட்டும். புகை எச்சரிக்கை மணியும் ஊரைக் கூட்டிவிடும்.

அரைத்தூக்கம்
அக்டோபர் 16, அதிகாலை 4:25

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

என் ரெட்டைகள் 29 வாரத்தில் பிறந்தார்கள். அந்த வருடம் ஹாலோவீன் அன்று இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டருக்குள் இருந்தார்கள். நான் காலையில் போனபோது யாரோ ஒரு ராத்திரி நர்ஸ், இரண்டு பிள்ளைகளின் வயிற்றின் மேலும் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய துணித் தேன்கூடு ஒன்றை வைத்து, பக்கத்தில் அவரவர் பெயர் எழுதிய குட்டித் தேனீ அட்டை ஒட்டியிருந்தார். குழாய், ஒயர், டேப் எதையும் தொடாமல், அளவெடுத்துச் செய்தது போல. அதுவரை அவர்களை நான் எடை, ஆக்சிஜன் அளவு, எத்தனை மில்லி பால் என்று எண்களாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் போனை எடுத்து, மானிட்டர் தெரியாமல் ஒரு படம் எடுத்தேன்.

'யாருக்காக' என்று மேலே ஒருவர் கேட்டிருந்தார். எனக்காகத்தான். எனக்கு அது தேவைப்பட்டது.

வெறும்பார்வையாளன்
அக்டோபர் 16, காலை 9:40

சகோதரி, நான் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கடையில் வாங்கும் பஞ்சு வேஷத்தைப் பற்றிய என் கருத்தில் மட்டும் மாற்றம் இல்லை.

தூங்காநகரம்
அக்டோபர் 18, அதிகாலை 2:55

எல்லாரும் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

இரண்டு மணிப் பாலுக்கு அம்மாவும் நானும் ஆளுக்கொன்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தூக்கம் வராமல் இருக்க இந்தப் பேச்சையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆண் பிள்ளைக்குப் பூ ஜடை என்றதும் அம்மா "ஆமா, உன் தம்பிக்கும் போட்டோமே" என்றார். ஆச்சி கேட்ட ஒட்டுப்பழம் வந்ததும் சிரித்தார். சிரிப்பில் மடியில் இருந்தவள் உதடு பிதுக்க, தட்டிக்கொடுத்துக்கொண்டே சொன்னார்: "அதையே போட்டுட்டா என்னடி? ரெண்டும் ஒட்டுப்பழமா வந்துருச்சுன்னு."

ஒட்டு வாழைப்பழம்! மஞ்சள் உடுப்பு இரண்டு, தலையில் காம்பு மாதிரி ஒரு பழுப்புத் தொப்பி, பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் முடிந்தது. பேயும் இல்லை, அமாவாசைத் தோஷமும் இல்லை. பார்க்கிற அமெரிக்கர்களுக்கு வெறும் வாழைப்பழம், நம் ஆட்களுக்கு மட்டும் மீதி புரியும்.

இன்னொன்றும் தோன்றியது. தீபாவளிக்குப் புது உடுப்பு எப்படியும் வேண்டும். அதே மஞ்சள் பருத்தி உடுப்பைக் காலையில் தீபாவளிக் கோடியாகப் போட்டுவிட்டு, சாயங்காலம் தொப்பியை மட்டும் வைத்தால் வாழைப்பழம். வேஷம் மாற்றுகிற வேலையே இல்லை.

காரைக்குடி_ஆச்சி
அக்டோபர் 18, காலை 11:00

உன் அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். உடுப்பு வாங்கும்போது மாதத்தைப் பார்க்காதே, கிலோவைப் பார்த்து வாங்கு. அட்டையில் சின்னதாகப் போட்டிருப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே அளவு வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒட்டுப்பழத்தில்கூட ஒன்று கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கும்.

ரெட்டைமாட்டுவண்டி
அக்டோபர் 18, மதியம் 12:20

பிரமாதம்ங்க! கூடவே பாருங்க, மஞ்சள் உடுப்பு. எங்க உப்புக்கு நடந்தது உங்க வாழைப்பழத்துக்கு நடந்தாலும் வெளியே தெரியாது. இதைவிடப் பாதுகாப்பான நிறம் உலகத்தில் கிடையாது.

வாசல் விஷயம் ஒண்ணு. வாசல் விளக்கு எரிஞ்சா மிட்டாய் உண்டு, அணைஞ்சிருந்தா இந்த வீட்டைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு அர்த்தம், பிள்ளைகள் பெரும்பாலும் மதிச்சு நடப்பாங்க. குழந்தைகள் தூங்குற நேரம் விளக்கை அணைச்சிடுங்க. இல்லைன்னா ஒரு கிண்ணத்தில் மிட்டாயைப் படியில் வெச்சுட்டு, அழைப்பு மணி மேல் டேப் ஒட்டி 'உள்ளே ரெட்டைக் குழந்தைகள் தூங்குகிறார்கள், மணி அடித்தால் தூங்க வைக்கும் வேலை உங்களுக்கு' என்று எழுதி வைங்க. நாங்க வெச்சோம். ஒருத்தர்கூட அடிக்கலை.

அடையாளம் கண்டுபிடிக்கவும் ஒரு வழி சொல்றேன், உங்களுக்குத் தேவைப்படாது, இருந்தாலும் சொல்றேன். எங்களுக்கு அச்சு ஒண்ணுங்கிறதால மூத்தவனுக்கு வலது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, இளையவனுக்கு இடது கன்னத்தில். கண்ணாடியில் பார்த்து ஒரு நாள் ஏமாந்து ஒருத்தனுக்கே ரெண்டு தடவை பால் கொடுத்துட்டேன். இரவுப்பணி அக்கா கண்மை கதையைப் படிச்ச பிறகு இப்போ நெஞ்சு திக்குங்குது. அடுத்தவங்க கால் கட்டைவிரல் நகத்தில் பாலிஷ் வெச்சுக்கோங்க, அதுவும் கால் விரலைச் சூப்ப ஆரம்பிக்கிற வரைக்கும்தான்.

தூங்காநகரம்
அக்டோபர் 24, இரவு 10:15

ஒரு பஞ்சாயத்து. அம்மா தொப்பி தைத்து முடித்துவிட்டார். பழைய பழுப்புக் காலுறையின் நுனியை வெட்டி, கையால் ஓரம் அடித்து, உச்சியில் ஒரு முடிச்சு. பட்டன் இல்லை, கயிறு இல்லை, இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அட்டைக் குழாய்க்குள் போகுமா என்றும் பார்த்தேன், முடிச்சு மட்டும் போகும், தொப்பி போகாது. கண்ணை விட்டு எடுக்கப் போவதில்லை.

பஞ்சாயத்து வேறு. தீபாவளிக்குச் சுட்ட முறுக்கைச் சின்னச் சின்ன ஜிப் பையில் போட்டு வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறாராம். கூடவே கடலை உருண்டை. "மிட்டாய் கேட்டு வர்ற பிள்ளைக்கு வீட்டுப் பலகாரம் குடுக்காம கடைச் சாக்லேட்டா?" என்கிறார். என்ன சொல்வது?

இரவுப்பணி
அக்டோபர் 25, காலை 8:50

கடலை உருண்டை கூடவே கூடாது என்று சொல். வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கும் பிள்ளைக்கு அது உயிர் விஷயம். முறுக்கு அப்படியில்லை, ஆனால் யார் வீட்டிலோ செய்து பையில் கட்டிக் கொடுத்ததை அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் சாப்பிட விட மாட்டார்கள், வீட்டுக்குப் போனதும் குப்பைக்குப் போகும். அம்மா சுட்டது குப்பைக்குப் போக வேண்டுமா? உறை பிரிக்காத கடை மிட்டாய் போதும். சில வீட்டு வாசலில் நீலப்பச்சை நிறத்தில் பரங்கிக்காய் வைத்திருப்பார்கள், பார்த்திருப்பாய். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குத் தின்பண்டம் அல்லாத பரிசு இங்கே உண்டு என்பதற்கு அடையாளம். 2014 முதல் நாடு முழுக்க நடக்கிறது. உன் அம்மாவுக்கு அது பிடிக்கலாம், வளையலோ ஸ்டிக்கர் பொட்டோ கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வெறும்பார்வையாளன்
அக்டோபர் 25, காலை 9:30

முறுக்கு மிச்சமானால் சொல்லுங்கள், நானும் நியூ ஜெர்சிதான்.

ரெட்டைமாட்டுவண்டி
அக்டோபர் 28, இரவு 9:00

எல்லாரும் 31ஐப் பார்த்துட்டு நவம்பர் 3ஐ மறந்துடாதீங்க. ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகுது. முன்னெல்லாம் அக்டோபர் கடைசி ஞாயிறே மாத்திடுவாங்க, 2007 முதல்தான் நவம்பர் முதல் ஞாயிறுக்குத் தள்ளினாங்க. மத்தவங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம், நமக்கு அஞ்சு மணிக்கு எழுகிறவன் நாலு மணிக்கு எழுவான். வியாழனிலிருந்தே தினம் கால் மணி நேரம் தூங்கும் நேரத்தைத் தள்ளிக்கிட்டே வந்தா கொஞ்சம் சமாளிக்கலாம். கொஞ்சம்தான்.

தூங்காநகரம்
நவம்பர் 1, அதிகாலை 5:10

நடந்தது நடந்தபடி.

காலை ஐந்து மணிக்கு அம்மா நல்லெண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, மூத்தவளின் உச்சந்தலையில் ஒரு சொட்டு வைத்தார். இளையவளுக்கு வைப்பதற்குள் மூத்தவள் எண்ணெய்க் கையை வாயில் வைத்துச் சப்புக்கொட்டினாள், முகத்தில் அப்படி ஒரு யோசனை. வெந்நீரில் ஒருத்தியைத்தான் குளிப்பாட்ட முடிந்தது. அடுத்தவளுக்கு ஈரத்துணியால் துடைத்து கங்கா ஸ்நானம் ஆச்சு என்று சொல்லிவிட்டோம். புது உடுப்பின் கழுத்தோரத்தில் அம்மா மஞ்சள் வைத்தார். மஞ்சள் துணியில் மஞ்சள், எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. திரும்ப ஒருமுறை வைத்தார்.

அக்டோபர் முழுக்க இங்கே மழையே இல்லை, நேற்று சாயங்காலம் சித்திரை மாதம் போல வெக்கை. அந்தப் பஞ்சுப் பூசணிக்காயை நினைத்துப் பார்த்தேன்.

நாலரை மணிக்குத் தூங்கி எழுந்து, பால் குடித்து, ஏப்பம் விட்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண் விழித்திருந்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை வருகிற தருணம். வாழை இலைப் பச்சையில் அம்மாவின் சுங்குடிச் சேலை ஒன்றைத் தரையில் விரித்து, பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, தொப்பியை வைத்தோம். முதல் படத்தில் மூத்தவள் கொட்டாவி. இரண்டாவதில் இளையவள் அக்காவின் தொப்பிக் காம்பைப் பிடித்து இழுக்கிறாள். மூன்றாவதில் தொப்பி இளையவள் வாயில். நாலாவது இல்லை, வீட்டுக்காரர் தொப்பியைப் பிடுங்கப் போய்விட்டார். மொத்தம் ஏழு நிமிடம். தொப்பிகளைக் கழற்றி அலமாரியில் போட்டாயிற்று.

தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வாசலில் டேப், கிண்ணம், அட்டை எல்லாம் வைத்தோம். ஆனால் அம்மா கேட்கவில்லை, நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். எலும்புக்கூடு, சூனியக்காரி, பல்லில் ரத்தம் வழிகிறவன் என்று ஒவ்வொருவரையும் "வாங்க வாங்க" என்று வரவேற்று, கை நிறைய அள்ளிப் போட்டார். ஆறரை மணிக்கே கிண்ணம் காலி. ஒரு சின்ன எலும்புக்கூடு அழ ஆரம்பித்ததும் அதன் முகமூடியைத் தூக்கி மூக்கைத் துடைத்துவிட்டாராம். அப்புறம் உள்ளே வந்து "பேயெல்லாம் நம்ம பிள்ளைங்க மாதிரிதான்டி இருக்கு" என்றார்.

ஐந்திலிருந்து எட்டு அழுகை நேற்று அரை மணி நேரத்தோடு நின்றது. அக்கா சொன்ன கணக்கா, எண்ணெய்க் குளியலா என்று அம்மாவோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. நான் எட்டே காலுக்குப் படுத்தேன், பன்னிரண்டரை வரை யாரும் எழுப்பவில்லை. தொடர்ந்து நாலே கால் மணி நேரம்!

அரைத்தூக்கம்
நவம்பர் 1, காலை 6:00

மூன்றாவது படத்தைச் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

முக்கால்டஜன்விரல்
நவம்பர் 4, அதிகாலை 4:05

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். கடிகாரம் மாறியதில் எல்லாரும் விழித்திருக்கிறோம். எங்களுக்கு ஒரே பிரசவத்தில் மூன்று. இப்போது இரண்டு மாதம். அடுத்த வருடத்துக்கு இப்போதே யோசிக்கிறேன். மூன்று பேருக்கு ஒட்டுப்பழம் எப்படி?

தூங்காநகரம்
நவம்பர் 4, அதிகாலை 4:20

அம்மாவிடம் கேட்டேன். "மூணுன்னா எதுக்கு ஒட்டுப்பழம், முக்கனி இருக்குல்ல" என்கிறார். மாவும் வாழையும் அவர் தைத்துத் தருவாராம். பலாவுக்கு முள் வைக்கக் கண் தெரியாது, அதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். தலை அளவு அனுப்புங்கள். அடுத்த வருடமா? அப்படியென்றால் அடுத்த வருடமே அளவெடுத்து அனுப்புங்கள்.